மலைத்தேனீயும் வாயில்லாப் பூச்சியும்

எங்கள் பள்ளியின் விலங்கியல் சார் மைக்கைப் பிடித்தால் முதல் வரி என்ன வரும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "மலையில ரெண்டு பூச்சி இருக்கு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நிறுத்துவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது என்று அவருக்கு நினைப்பு. கூட்டம், பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாணம், காதுகுத்து, ஆண்டுவிழா, பணிநிறைவு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாவிட்டாலும் போவார். ஒருமுறை இருக்கன்குடியில் பழைய மாணவன் ஒருவன் தன் குழந்தைக்கு மொட்டை போட வந்திருந்தான். மரத்தடியில் கறிச்சோறு ஆக்கி இலை போட்டிருந்தார்கள். சார் இலைகளுக்கு நடுவே நின்று, மைக்கும் இல்லாமல், முழுப் பேச்சையும் பேசி முடித்தார். தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்த அந்தக் குழந்தை மட்டும்தான் கடைசிவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு வயது ஒன்று.

பேச்சு இதுதான். மலையில் இரண்டு பூச்சிகள். ஒன்று மலைத்தேனீ. பாறை உச்சியில் ஆயிரக்கணக்கில் கூடி வாழும், ஓயாமல் உழைக்கும், கூட்டுக்கு ஆபத்து என்றால் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். இன்னொன்று அட்லஸ் அந்துப்பூச்சி. இரண்டு கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய இறக்கை, இறக்கை நுனியில் பாம்புத்தலை போல ஒரு படம், பார்த்தால் ராஜா. ஆனால் வாயே கிடையாது. தின்னாது, உழைக்காது, ஒரு வாரம் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போகும். "தேனீயும் சாகுது, அந்தும் சாகுது. எந்தச் சாவுய்யா சாவு? நீங்க தேனீயா, அந்தா?" இந்தக் கேள்வியோடு மைக்கைக் கீழே வைப்பார். அதைக் கொஞ்சம் ஓசை வரும்படியாகவே வைப்பார்.

அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பூச்சி சார் என்றுதான் பேச்சு. அது கேலி என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். வாட்ஸப்பில் தன் பெயருக்குப் பதில் ஒரு தேனீப் படத்தை வைத்துக்கொண்டார்.

நான் வேதியியல் டீச்சர். என் ஆய்வகமும் அவர் ஆய்வகமும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டன. பதினோரு வருடம் அந்தச் சுவர் வழியாக அதே இரண்டு பூச்சிகளைக் கேட்டேன். யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும். ஒருநாள் நூலகத்தில் விலங்கியல் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கொட்டுகிற தேனீ எல்லாமே பெண். ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. கொடுக்கில் முள் இருப்பதால் கொட்டிய இடத்தில் சிக்கிக்கொள்கிறது. அதை இழுக்கிறபோது வயிறு கிழிந்து சாகிறது. பருவம் மாறினால் மொத்தக் கூட்டமும் அடையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்விடும். இவரோ, "அவன் தன் கூட்டை விட்டு ஒருநாளும் போக மாட்டான்" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்துப்பூச்சிக்கு வாயில்லை என்பது நிஜம். ஆனால் அது புழுவாக இருக்கும்போது ராப்பகலாகத் தின்று சேர்த்து வைத்துக்கொள்கிறது. சோம்பேறி வாழ்க்கை ஒன்றுமில்லை.

இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் நான் எதையுமே சொல்வதில்லை. தலைமையாசிரியர் எது சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அதனால் பூச்சி சார் எனக்கும் ஒரு பட்டம் வைத்தார். ஆசிரியர் அறையில் எல்லாரையும் அவர் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் தேனீ. தலைமையாசிரியர், யார் அந்த நாற்காலியில் இருந்தாலும், தேனீ. உடற்கல்வி சார் அந்து. நான் இன்னும் கீழே.

"நம்ம கெமிஸ்ட்ரி டீச்சர் இருக்காகளே, அசல் வாயில்லாப் பூச்சி. அடிச்சாக்கூடக் கேக்க மாட்டாக."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளை அந்த மனிதர் தேடிப் போவார். பட்டாசு சீசன் நேரத்தில் வீட்டில் திரி உருட்டவோ, பெட்டி ஒட்டவோ, யார் வீட்டுக் குடோனிலோ உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அவருடைய பழைய டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து வகுப்பில் விடுவார். வெம்பக்கோட்டைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அங்கே சுற்றியிருக்கிற ஊர்களில் அவர் போகாத தெரு இல்லை. "ஏலே, புத்தகத்த எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு" என்று வாசலில் நின்று கத்துவார். வேறு எந்த ஆசிரியரும் அதைச் செய்ததில்லை. நானும் செய்ததில்லை. ஆனால் வருகிற வழியெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தேனீக் கதை சொல்லிக்கொண்டு வருவார். அழைத்து வந்ததைப் பிறகு பத்து மேடையில் சொல்வார். நல்லது செய்தாலும் அதைக் கேட்க முடியாமல் செய்துவிடும் ஒரு திறமை அவருக்கு இருந்தது.

அவரை முதன்முதலில் நான் வெறுத்த நாள் நினைவிருக்கிறது. ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு வார விழா. அவர் சிறப்பு விருந்தினர். ரசாயனம் பற்றி இரண்டு வார்த்தை பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வேலையை நிறுத்திவிட்டுப் பெண்களையெல்லாம் வேப்பமரத்து நிழலில் உட்கார வைத்திருந்தார்கள். கையெல்லாம் வெள்ளி நிறப் பொடி. நான் அலுமினியத்தூள், உராய்வு, தரையில் தண்ணீர் ஊற்றி வைப்பது என்று என் நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு அவர் எழுந்தார்.

"மலையில ரெண்டு பூச்சி இருக்கு."

அன்றைக்கு அவர் புதிதாக ஒன்று சேர்த்தார். கம்பெனிதான் உங்கள் கூடு என்றார். கூட்டுக்காகத் தன் உயிரையே கொடுக்கிறான் தேனீ, அந்த விசுவாசம் உங்களுக்கு வேண்டும் என்றார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் வீட்டில் ஒருவரையாவது தீயில் பறிகொடுக்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலாளர் கைதட்டினார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. பழைய தீக்காயம்.

"சார், ஒரு சந்தேகம். அந்தக் கூட்டுல முதலாளி எங்கன இருக்கும்?"

"ராணித்தேனீயச் சொல்லுதியாம்மா? அது உள்ள இருக்கும்."

"அது வந்து கொட்டுமா சார்?"

"சேச்சே. அதுக்கு அந்த வேலை கிடையாது. அத மத்ததுக பாத்துக்கிடும்."

"அப்பஞ் சரி சார். எங்க கம்பெனி மாதிரித்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பூச்சி சார் தானும் சிரித்தார். தன் பேச்சு அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று திரும்பி வருகிற வழியில் என்னிடம் சொன்னார். "பாத்தீகளா டீச்சர், எம்புட்டு ஈடுபாடா கேள்வி கேக்காக." அந்தப் பெண் எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த மாரீஸ்வரியின் அம்மா. எனக்கு அது அப்போதே தெரியும். அவருக்குத் தெரியாது. யார் யாருடைய பிள்ளை என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு மேடையில் கிடையாது.

அடுத்த ஜனவரியில் மலைக்குப் போனோம்.

அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர். ஒரு வேன். டிரைவர் காளிராஜ் என்ற முப்பது வயதுக்காரர், ஆனைக்குட்டத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரம். இத்தனை வருடம் மலைப் பூச்சிகளைப் பற்றிப் பேசின மனிதர் அந்த அடிவாரத்துக்கு வருவது அதுதான் முதல்முறை என்பது, "எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று அவர் காளிராஜிடம் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடிவாரத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் வெளிச்சுவரில் நிஜமாகவே ஓர் அட்லஸ் அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. செங்கல் நிறம். இறக்கையில் கண்ணாடி பதித்தது போல நான்கு முக்கோணங்கள். பிள்ளைகள் சுற்றி நின்று மூச்சுவிடாமல் பார்த்தார்கள். படத்தில் பார்ப்பது வேறு. அது அசையும்போது நுனியில் இருந்த பாம்புத்தலையும் அசைந்தது. மாரீஸ்வரி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், வாயில்லாம ஒரு வாரம் எப்படி சார் உசிரோட இருக்கு? புழுவா இருக்கும்போது தின்னதை வச்சித்தானே? அப்ப அதுவும் உழைச்சிருக்குல்ல சார்?"

நான் நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்ததை அந்தப் பிள்ளை பார்த்தவுடனே சொல்லிவிட்டாள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். "இது கிடக்கு கழுத. வாங்க, தேனீயப் பாப்போம். அதான் பாக்க வேண்டிய பூச்சி" என்று நடந்தார்.

ஓடைக்கு மேலே ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதன் அடிவயிற்றில் ஆறேழு அடைகள். ஒவ்வொன்றும் பாதிப் பலாப்பழத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல. தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு. உற்றுப் பார்த்தால் மேல்தோல் முழுவதும் அலை அலையாக நெளிந்தது. சார் அதன் கீழே நின்று பேச்சை ஆரம்பித்தார். ஒரு பையனிடம் செல்லைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். எனக்குக் குதிகால் வலி. நான் வேனுக்குத் திரும்பி நடந்தேன். தண்ணீர் குடிக்க ஆறு பெண் பிள்ளைகள் என்னோடு வந்தார்கள்.

பேசி முடித்ததும் அவருக்கு டீ வேண்டியிருந்தது. எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை எல்லாம் கட்டிக் கொண்டுவந்திருந்தோம். ஃபிளாஸ்கில் டீயும் இருந்தது. ஆனால் அது ஆறிப்போய்விட்டதாம். பாறைக்கு அடியில் மூன்று கல்லை வைத்துச் சுள்ளி பொறுக்கிப் பற்ற வைக்கச் சொன்னார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடையின் அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினார்.

"சார்! அங்கன புகை போடாதீக! மேல பாருங்க!"

"தெரியும்யா. தேனீ காரணமில்லாம யாரையும் கொட்டாது. நான் முப்பது வருசமா பாடம் நடத்துதேன்."

"அதுக்கு உங்க பாடம் தெரியாதே சார்" என்றார் பெரியவர். சொல்லிவிட்டு ஆடுகளை விரட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அவர் அவ்வளவு வேகமாகப் போனதைப் பார்த்தாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பத்து நிமிடம் இருக்கும். எனக்கு முதலில் ஒரு சத்தம்தான் கேட்டது. தூரத்தில் லாரி வருவது போல. பிறகு பிள்ளைகளின் கூச்சல். பாறையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை உதறியது போல அவை இறங்கின. பிள்ளைகள் நாலா பக்கமும் ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூச்சி சார் வந்தார். ஐம்பத்தாறு வயதில் அந்த மனிதர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. வேனுக்குள் பாய்ந்து ஏறினார். கதவை இழுத்துச் சாத்தினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஓடிவந்த பிள்ளைகள் வெளியே நின்று கதவைத் தட்டினார்கள். "சார்! சார்!" என்றார்கள்.

"சார், கதவத் திறங்க" என்றேன்.

"திறந்தா உள்ள இருக்க ஆறு பிள்ளைகளும் போயிரும் டீச்சர்!"

அவர் முகம் சாம்பலாக இருந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததா என்று யோசிக்க எனக்கு அப்போது நேரமில்லை. பிறகு நிறைய நேரம் இருந்தது. ஆனால் நான் அவரிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான். கையைப் பிடித்து இழுக்கவில்லை. கத்தவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்து ஜன்னல் பாதி திறந்திருந்தது. இரண்டு தேனீக்கள் உள்ளே வந்தன. நான் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன். சாத்தும்போது அந்தப் பக்கம் ஒரு கை இருந்தது. கை விலகியதும் முழுவதுமாகச் சாத்திவிட்டேன். அது மாரீஸ்வரியின் கை.

பிள்ளைகளைக் காப்பாற்றியவர் காளிராஜ். வேனின் மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அறுத்து இழுத்து, ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்துத் தரையில் தள்ளி, மேலே போர்த்தினார். "அசையாதீக, அசையாதீக" என்று அவர் கத்துவது எங்களுக்குக் கேட்டது. வேன் பக்கம் நின்றிருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு போனார். மாரீஸ்வரிதான் கடைசி. கண்ணாடியை விட்டு வரவே மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். திறப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

அரைமணி நேரம் கழித்துத்தான் அவை அடங்கின. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்தப் பிள்ளை என் மடியில் வாந்தி எடுத்தாள். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடியிருந்தன. தலைமுடிக்குள்ளிருந்து செத்த தேனீக்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். காளிராஜ் கழுத்தும் காதும் வீங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினார். முன் சீட்டில் சார் செல்லில் தலைமையாசிரியரிடம் பேசிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமில்ல சார், சின்ன விசயந்தான். எல்லாரையும் பத்திரமா வேன்ல ஏத்திட்டேன்." அவர் உடம்பில் ஒரு கொட்டுகூட இல்லை.

மற்ற பிள்ளைகள் மறுநாள் வீட்டுக்குப் போனார்கள். மாரீஸ்வரி ஆறு நாள் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள். இடது கருவிழியில் ஒரு கொட்டு. அங்கே வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை கலங்கல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியர் அறிக்கை கேட்டார். பூச்சி சாரின் கையெழுத்து அழகாக இருக்கும். எதிர்பாராத விதமாகத் தேனீக்கள் கலைந்தன என்று எழுதியிருந்தார். இரு ஆசிரியர்களும் துரிதமாகச் செயல்பட்டு மாணவர்களை வாகனத்துக்குள் பாதுகாத்தனர் என்றும் எழுதியிருந்தார். டீ பற்றி ஒரு வரி இல்லை. காளிராஜ் பற்றியும் ஒரு வரி இல்லை. கீழே இரண்டு பெயர், ஒன்று என்னுடையது.

"போடுங்க டீச்சர். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான்."

போட்டேன்.

அந்த வாரமே மாரீஸ்வரியின் அம்மா வந்தார். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே, பள்ளி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கம்பெனியில் எல்லாரையும் சிரிக்க வைத்த அந்தப் பெண்தான் என்று நம்ப முடியாதபடி இருந்தார்.

"டீச்சர், எம்புள்ள வேன் கண்ணாடியத் தட்டுனேன், சாத்திட்டாகன்னு சொல்லுதா. நெசமா டீச்சர்?"

"அந்தக் குழப்பத்துல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரி டீச்சர். காய்ச்சல்ல எதையாவது சொல்லுதா போல" என்றார். போய்விட்டார்.

மாரீஸ்வரி திரும்பி வந்தபோது கரும்பலகை தெரியவில்லை என்று என் வகுப்பில் முதல் பெஞ்சுக்கு மாறினாள். ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பலகையைப் பார்த்தே பாடம் நடத்தப் பழகிக்கொண்டேன்.

பூச்சி சாருக்குப் பேச்சில் மூன்றாவது பகுதி ஒன்று கிடைத்துவிட்டது. மலையில் இரண்டு பூச்சிகள், பிறகு அவர். முதலில் ஆறு பிள்ளைகளைக் காப்பாற்றினார். கோடை விடுமுறைக்குள் அது பன்னிரண்டு ஆனது. அடுத்த ஆண்டுவிழாவில் பதினெட்டுப் பேரையும் காப்பாற்றினார். ஒரு தனியார் பள்ளியில் அதற்காகப் பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுத்தார்கள். அந்த ஷீல்டை ஆய்வகத்தில், பாட்டிலில் ஊறும் தவளைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் சபையில் இருந்தால் பேச்சின் நடுவே, "நம்ம டீச்சரே சாட்சி" என்று கையை நீட்டுவார். நான் தலையசைப்பேன். இந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு இருந்தது என்றால், தலையசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது. ஆனால் தலையசைக்காமல் ஒருநாளும் இருந்ததில்லை.

அவர் பணிநிறைவு பெற்றார். மண்டபம் பிடித்துப் பெரிய விழா. பழைய மாணவர்கள், கம்பெனி முதலாளிகள், மட்டன் பிரியாணி. மேடையில் ஒரு நாற்காலியில் மாரீஸ்வரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் திகைத்துவிட்டேன். அப்போது அவள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. சார் வீட்டுக்கே போய் அழைத்திருக்கிறார். "சார் வந்து கூப்பிட்டாக, எப்படி மாட்டேங்க முடியும்?" என்று அவள் அம்மா பின்னால் என்னிடம் சொன்னார். அம்மாவும் கூட்டத்தில், கடைசி வரிசையில் இருந்தார்.

சார் மாலையோடு எழுந்து பேச ஆரம்பித்தார். இரண்டு பூச்சிகளும் முடிந்து மூன்றாவது பகுதி வந்தது.

"எந்திரிம்மா" என்றார். மாரீஸ்வரி எழுந்து நின்றாள். "இந்தப் பிள்ளைய எல்லாரும் பாருங்க. இந்தக் கையாலதான் இவளத் தூக்கி வேன்ல போட்டேன்."

மண்டபம் கைதட்டியது. அவள் கீழே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துவிட்டது. சார் வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார். "நம்ம டீச்சரே சாட்சி."

நான் எழுந்தேன். தலையசைக்க எழுந்திருக்கத் தேவையில்லை என்பதால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எப்படி மேடைவரை போனேன் என்று தெரியவில்லை. வாழ்த்துரை என்று நினைத்து அவரே மைக்கைக் கொடுத்தார்.

"சார் இந்தப் பிள்ளையத் தூக்கல" என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "சார் உள்ள இருந்து கதவப் பிடிச்சிருந்தாக. நானும் உள்ளதான் இருந்தேன். ஜன்னல் கண்ணாடியச் சாத்துனது நான். இந்தப் பிள்ளை வெளிய நின்னு தட்டுச்சு. பிள்ளைகளக் காப்பாத்துனது டிரைவர் காளிராஜ். அவரை யாரும் இங்க கூப்பிடல."

அவ்வளவுதான். இன்னும் நிறையச் சொல்ல வைத்திருந்தேன், வரவில்லை. தலைமையாசிரியர் எழுந்து, மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "சாப்பாடு தயாரா இருக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். எல்லாரும் போனார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் முதல் பந்தி நிறைந்துவிட்டது. இந்த ஊரின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஏளனம், பூச்சி சார் மேல் இருந்ததைவிடப் பெரிது.

நான் கைகழுவும் இடத்தில் நின்றிருந்தேன். அவர் வந்தார். மாலையைக் கழற்ற மறந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். எனக்குப் பதில் தயாராக இருந்தது.

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே டீச்சர்" என்றார். "எதுக்கு இம்புட்டு நாள் இருந்தீக?"

நான் குழாயைத் திறந்து கையை நீட்டினேன்.

"ஒவ்வொரு தடவையும் உங்களத்தான் பாப்பேன். நீங்க தலைய ஆட்டுவீக. ஆட்ட ஆட்ட, நாந்தான் தூக்குனேன்போலன்னு எனக்கே ஆயிருச்சு. ஒரு தடவ ஆட்டாம இருந்திருந்தா நிறுத்தியிருப்பேனே."

இது தப்பிக்கிற பேச்சு. பழியை என் தலையில் கட்டுகிற பேச்சு. அப்போதும் எனக்கு அது தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. ஆனால் அதில் பொய் எது என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. மேடையில் இல்லாத நேரத்தில் அவர் குரல் எவ்வளவு சின்னது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்திக்குள் போனார். இலைகளுக்கு நடுவே, யார் யாரோ கும்பிடுவதைப் பார்க்காமல் நடந்து, கடைசி வரிசையில் அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். மாரீஸ்வரிக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கண்ணும்மா?" என்று கேட்டார்.

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. பதினெட்டுப் பேரைப் பத்து ஊரில் காப்பாற்றிய மனிதருக்கு அந்தப் பிள்ளையின் எந்தக் கண் போனது என்று தெரியாது. மாரீஸ்வரி இடது கையால் காட்டினாள். அவர் மேஜைமேல் குனிந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் கண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மாலையின் ரோஜா இதழ்கள் அவள் இலையில் உதிர்ந்தன. அவள் கண்ணைச் சிமிட்டாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். அவள் இன்னும் சொன்னாள். அந்த மனிதர் இன்னொருவர் பேச இவ்வளவு நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வரிசைக்குப் போனால் தெரிந்திருக்கும். பத்தடி தூரம்தான். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் காலியாக இருந்தது.

மாரீஸ்வரியின் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் பக்கத்து மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் எதிர்க்கோடி வரிசையில் இடம் தேடினேன்.